ஐந்து நண்பர்கள், ஐந்து சைக்கிள்கள், ஒரே ரயில்: கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு மிதிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

கன்னியாகுமரி ஸ்டேஷனில் ரயில் நின்றபோது இன்னும் முழுதாக விடியவில்லை. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது என்பதால் யாரும் அவசரப்படவில்லை. சாமான் ஏற்றும் பெட்டியான பிரேக் வேனின் கதவைப் போர்ட்டர் இழுத்துத் திறந்தார். துணி மூட்டைகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் பின்னால் பழுப்பு அட்டை சுற்றிய ஹேண்டில்பார் ஒன்று எட்டிப் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. "அஞ்சும் இருக்கு தம்பி, எண்ணிக்கோங்க" என்றார். ஒவ்வொன்றாக இறக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஐந்தும் நேராகச் சுழல்வதைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு டீ குடிக்கும் நினைப்பே வந்தது.

நெடுந்தூர சைக்கிள் பயணம் என்றால் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள், என்ன சாப்பாடு என்று விசாரிப்பவர்கள் நிறைய. தொடங்கும் ஊருக்கு சைக்கிளோடு எப்படிப் போய்ச் சேர்வது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். சைக்கிள் வேறு ரயிலில் போய்விடும், கியர் வளைந்து வரும், ஐந்து பேரில் ஒருவருக்கு டிக்கெட் உறுதியாகாது, வந்து இறங்கிய களைப்போடு அன்றைக்கே நூறு கிலோமீட்டர் மிதித்து இரண்டாம் நாள் முட்டி பிடித்துக்கொள்ளும். இந்த வழிகாட்டி அந்தப் பகுதிக்கு மட்டும். சென்னையிலிருந்து நண்பர்களோடு ரயிலில் கன்னியாகுமரி போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரை வழியாக வீட்டை நோக்கி மிதித்து வருவதை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் காற்றைப் பாருங்கள்

தேதி குறிப்பதற்கு முன் எந்தத் திசையில் மிதிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அதை முடிவு செய்வது காற்றுதான். மார்கழி, தை மாதங்களில் இந்தக் கடற்கரை முழுக்க வாடையும் கொண்டலும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது கன்னியாகுமரியிலிருந்து வடக்கே வந்தால் 800 கிலோமீட்டரும் முகத்தில் காற்று. ஆகவே பனிக்காலத்தில் சென்னையிலிருந்து தெற்கே மிதித்துப் போய், ரயிலில் திரும்புங்கள்.

ஆனி முதல் ஆவணி வரை நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு கிழக்கே வரும். முப்பந்தலில் நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று நிற்பது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. அந்தக் காற்று, கன்னியாகுமரியிலிருந்து உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் என்று வடகிழக்கே போகிறவனுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளும். கடற்கரையில் அதற்குக் கச்சான் என்று பெயர்.

வெயில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெயிலுக்கு விடிகாலையில் கிளம்பித் தப்பிக்கலாம், எதிர்காற்றுக்குத் தப்பிக்க வழியே இல்லை. என்னைக் கேட்டால், ரயிலில் போய் வடக்கே மிதிக்க ஆவணி முதல் பாதி நல்ல காலம். ஆடியின் மூர்க்கம் கொஞ்சம் தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்காது. வடக்கே வர வர மாலையில் இடி மழை பிடிக்கலாம், அவ்வளவுதான்.

திருவிழாக் காலண்டரையும் எடுத்துப் பாருங்கள். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் அறை கிடைக்காது. ஆவணித் திருவிழாவின்போது திருச்செந்தூரில் கால் வைக்க இடமிருக்காது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. சாலையோரமெங்கும் நடைப் பயணிகள், நாகப்பட்டினம் வரை விடுதிகள் நிரம்பியிருக்கும். அந்த நாட்களில் அந்தப் பகுதியில் இருக்க வேண்டி வராதபடி தேதியைக் குறியுங்கள்.

யார் யார் வருகிறார்கள்

நான்கு அல்லது ஐந்து பேர் சரியான எண்ணிக்கை. ஆறுக்கு மேல் போனால் டீக்கடையில் நிற்பதற்கே அரை மணி நேரம் ஆகும், ஒரே விடுதியில் அறை தேடுவதும் கஷ்டம். ரயில் டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆரில் 6 பேருக்குத்தான் எடுக்க முடியும்.

வாட்ஸ்அப்பில் "நானும் வர்றேன் மச்சான்" என்று சொன்னவர்கள் எல்லாரையும் கணக்கில் சேர்க்காதீர்கள். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு, பயணத்துக்குக் கொண்டுபோகும் அதே சுமையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் மாமல்லபுரம் வரை ஒருமுறை போய் வாருங்கள். சென்னையின் நடுவிலிருந்து கிளம்பினால் போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். யாருடைய வேகம் என்ன, யாருக்கு சீட் உயரம் சரியில்லை, யார் காலையில் நேரத்துக்கு எழுவார் என்று அந்த ஒரு நாளில் எல்லாம் தெரிந்துவிடும். குழுவில் மெதுவாகப் போகிறவர் யாரோ, அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். இதை அன்றைக்கே எல்லாரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவர், தான் சுமையாகிவிட்டோமோ என்று நினைக்க ஆரம்பித்தால் நட்பே கசந்துபோகும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

பொறுப்புகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பொதுப் பணம். ஒருவர் டிக்கெட், ரசீது, அடையாள அட்டை நகல்கள். ஒருவர் கருவிப் பை. ஒருவர் மருந்து. மிச்சமிருப்பவர் தங்குமிடம். ஐந்து பேரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால், ஐந்து பம்ப் இருக்கும், ஒரு பஞ்சர் பசைகூட இருக்காது.

டிக்கெட்: தொடங்கும் இடத்தில் தொடங்கி, முடியும் இடத்தில் முடியும் ரயில்

முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 60 நாள். அறுபதாவது நாள் காலையிலேயே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். எந்த ரயில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரேக் வேனில் சைக்கிள் ஏற்றுகிறவர்களுக்கு, ரயில் தொடங்கும் ஸ்டேஷனில் ஏறி, அது முடியும் ஸ்டேஷனில் இறங்குவதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. நடுவழி ஸ்டேஷனில் ரயில் இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ நிற்கும். அதற்குள் வேன் கதவைத் திறந்து, மூட்டைகளை நகர்த்தி, ஐந்து சைக்கிளை ஏற்றவோ இறக்கவோ எல்லா நாளும் முடியாது.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இதற்கென்றே போட்டதுபோல. எழும்பூரில் தொடங்குகிறது, கன்னியாகுமரியில் முடிகிறது. சாயந்தரம் ஏறினால், ஏறக்குறைய 740 கிலோமீட்டர் தாண்டி விடியற்காலையில் கடல் காற்று. எழும்பூரில் சீரமைப்பு வேலை நடக்கும் காலத்தில் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து புறப்படுவதுண்டு. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறதோ அங்கேயுள்ள பார்சல் அலுவலகத்துக்குத்தான் நீங்கள் போக வேண்டும். நாகர்கோவிலுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து ஓடும் வந்தே பாரத் வேகமானதுதான், ஆனால் அதில் சைக்கிள் ஏற்ற வேன் கிடையாது.

மதுரையிலிருந்து ஒரு நண்பர் சேர்ந்துகொள்கிறார் என்றால், நள்ளிரவில் நடு ஸ்டேஷனில் சைக்கிளை ஏற்றச் சொல்லாதீர்கள். அவர் முந்தின நாளே திருநெல்வேலி வந்து, அங்கிருந்து மிதித்து வரலாம். 85 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் ஆரல்வாய்மொழி பக்கம் ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வரும் பக்கக் காற்று சாலையை விட்டே தள்ளிவிடும் அளவுக்கு இருக்கும். பழக்கமில்லாதவர் என்றால் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.

இரவுப் பேருந்தின் டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாமே என்று கேட்பார்கள். ஒரு சைக்கிள் என்றால் போகலாம். ஐந்து என்றால், மற்றவர்களின் பெட்டிகள் மேலே ஏறும், நடத்துநரோடு பேரம் நடக்கும், மழைத் தண்ணீரும் உள்ளே வரும். தனி வேன் பிடித்தால் வசதிதான், ஆனால் வண்டி காலியாகத் திரும்புவதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

லக்கேஜா, பார்சலா

இந்த ஒரு சொல்லில்தான் எங்கள் முதல் பயணம் கெட்டது. அது வடக்கே போன வேறொரு பயணம். பார்சல் அலுவலகத்தில் போய், "சைக்கிள் அனுப்பணும்" என்றோம். அனுப்புவது வேறு, கூடக் கொண்டுபோவது வேறு என்று எங்களுக்குத் தெரியாது. பார்சலாகப் பதிவானது. நாங்கள் போய்ச் சேர்ந்தோம், சைக்கிள்கள் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு ரயிலில் வந்தன. அந்த இரண்டு நாளும் தினம் மூன்று முறை ஸ்டேஷனுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். விடுப்பில் இரண்டு நாள் போனது, மலையேற வேண்டிய ஒரு பகுதியைப் பஸ்ஸில் கடக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஜன்னலில் போய் நின்றதும் சொல்ல வேண்டிய வார்த்தை: "லக்கேஜ். டிக்கெட் இருக்கு. இதே ரயில்." லக்கேஜ் என்றால் உங்கள் பயண டிக்கெட்டோடு சேர்த்து, நீங்கள் போகும் ரயிலின் பிரேக் வேனிலேயே ஏற்றுவதற்காகப் பதிவாவது. பார்சல் என்றால் டிக்கெட் இல்லாமலும் அனுப்பலாம், இடம் கிடைக்கும் ரயிலில் போகும்.

ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பதைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். அந்தச் சலுகை சைக்கிளுக்குப் பொருந்தாது. தனிக் கட்டணம் உண்டு. தூரத்தையும் எடைக் கணக்கையும் வைத்துப் போடுவார்கள். உடன் எடுத்துச் செல்லும் பெட்டிக்கு 100 x 60 x 25 சென்டிமீட்டர் என்று அளவும் இருக்கிறது. முழுதாகக் கழற்றிப் பையில் போட்டாலும் சைக்கிள் அதற்குள் அடங்காது. சிலர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள், டி.டி.ஆர். ஒருவர் விடுவார், இன்னொருவர் விடமாட்டார். ஐந்து சைக்கிளை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் ஆடாதீர்கள்.

வேனில் இடமிருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரிப்பது மிக முக்கியம். பல ரயில்களில் வேனின் ஒரு பகுதியைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். மிச்சமிருக்கும் இடத்தில்தான் பயணிகளின் லக்கேஜ். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருவர் நேரில் போய், ரயில் எண்ணையும் தேதியையும் சொல்லி, ஐந்து சைக்கிள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். போனில் கேட்பதைவிட நேரில் போனால் எந்த ஜன்னல், எந்த வாசல், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதும் தெரிந்துவிடும்.

மதிப்பு அறிவிப்பது பற்றி ஒரு வார்த்தை. பொருளின் மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், லக்கேஜ் தொலைந்தாலோ உடைந்தாலோ ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாயோடு முடிந்துவிடும். 15 கிலோ சைக்கிளுக்கு 1,500 ரூபாய். நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய சைக்கிள் என்றால் மதிப்பை அறிவித்துவிடுங்கள்.

சைக்கிளைக் கட்டுவது

இங்கேதான் பலரும் தேவைக்கு மேல் செய்துவிடுகிறார்கள். விமானத்தில் போவதுபோல இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவருவார்கள். பிரேக் வேனுக்கு அது வேண்டாம். பெட்டி என்றால் அதன் மேல் இன்னொரு பெட்டி ஏறும். சைக்கிள் சைக்கிளாகவே இருந்தால் உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்து நிறுத்துவார்கள். உருளும் பொருளை யாரும் தூக்கி எறிவதில்லை. அதனால் சக்கரங்கள் இருக்கட்டும், டயரில் காற்று இருக்கட்டும், பின் சக்கரத்தைப் பூட்டாதீர்கள். ஐந்து சைக்கிளையும் சேர்த்துச் சங்கிலி போடவும் வேண்டாம்; ஒவ்வொன்றாக நகர்த்த முடியாமல் இழுத்துக்கொண்டு போவார்கள்.

கழற்ற வேண்டியவை: பெடல், விளக்கு, மீட்டர், தண்ணீர் பாட்டில், பம்ப், சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பை. வேனில் யார் கையாவது பட்டு விழக்கூடிய எல்லாமும். பெடலைக் கழற்றாவிட்டால் பக்கத்துச் சைக்கிளின் ஸ்போக்கில் போய்க் குத்தும். பெரும்பாலான பெடலுக்கு 15 எம்.எம். ஸ்பேனர், சிலவற்றுக்கு 6 அல்லது 8 எம்.எம். ஆலன் கீ. இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறந்து முறுக்கி, மரையைத் தின்றுவிட்டவர்கள் உண்டு. சுலபமாக நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி: ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் பின்பக்கம் நோக்கித் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள்.

அடுத்தது பின் டிரெயிலியர், அதாவது கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் பாகம். ஒரு நெடும்பயணத்தை ஒரே அடியில் முடித்து வைக்கக்கூடிய பாகம் இது. அதைத் தாங்கும் ஹேங்கர் மெல்லிய அலுமினியத் துண்டு; பக்கவாட்டில் ஒரு மூட்டை சாய்ந்தால் போதும், வளைந்துவிடும். வளைந்தது கண்ணுக்கே தெரியாது. ஏற்றத்தில் மிதிக்க லேசான கியருக்கு மாற்றும்போது டிரெயிலியர் ஸ்போக்குக்குள் போய் மாட்டும், அப்புறம் சக்கரமும் போச்சு. எங்கள் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. கட்டும்போது அந்தப் பக்கத்தை வெறுமனே விட்டது நாங்கள்தான்.

அதனால் கட்டுவதற்கு முன் சங்கிலியைப் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். டிரெயிலியர் உள்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றி, டிரெயிலியரை ஹேங்கரிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி, ஃபிரேமின் உள்பக்கம் கட்டிவிடலாம். எப்படியானாலும் அந்தப் பக்கம் தடித்த அட்டையை இரண்டு மடிப்பாக வைத்துக் கட்டுங்கள். உங்கள் சைக்கிள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்றை உபரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். திருச்செந்தூரிலோ தொண்டியிலோ தேடினால் கிடைக்காது.

ஃபிரேமைச் சுற்ற பபிள் ராப் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். தெருமுனை சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டால் சும்மாவே தருவார்கள். நீளமாக வெட்டிச் சுற்றினால் பெயின்ட் உரசாது, பயணத்தின்போது சுமை கட்டவும் அதே டியூப் உதவும். ஏ.சி. குழாய்க்குப் போடும் கறுப்பு ஸ்பாஞ்சும் நல்லது. அதற்கு மேல் அட்டை, அட்டைக்கு மேல் சணல். டேப் மட்டும் ஒட்டினால் கன்னியாகுமரியில் பிய்த்து எடுப்பதற்குள் உயிர் போகும். ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டியிருந்தால், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தித் திருப்புங்கள். சீட் போஸ்ட்டை இறக்கும் முன் உயரம் தெரியும்படி ஒரு டேப் சுற்றி வையுங்கள். அந்த அரை சென்டிமீட்டரை முட்டி கண்டுபிடித்துவிடும். டிஸ்க் பிரேக் இருந்து, ஏதோ காரணத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் பேடுகளுக்கு நடுவே தடித்த அட்டைத் துண்டு ஒன்று செருகுங்கள். யாராவது பிரேக்கை அழுத்தினாலும் பேடுகள் ஒட்டிக்கொள்ளாது.

இதையெல்லாம் கிளம்பும் நாளில் முதல்முறையாகச் செய்யாதீர்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேரும் கூடி, கழற்றிக் கட்டி, திரும்பப் பிரித்து மாட்டிப் பாருங்கள். எந்த ஆலன் கீ இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

லேபிள் இரண்டு வேண்டும். ஒன்று அட்டையின் மேல், இன்னொன்று அட்டைக்கு உள்ளே ஃபிரேமில். பெயர், போன் எண், பி.என்.ஆர்., ரயில் எண், தேதி. ஸ்டேஷன் பெயர்களை முழுதாக எழுதுவதோடு ரயில்வே குறியீட்டையும் ஆங்கில எழுத்தில் பெரிதாகப் போடுங்கள்: எழும்பூருக்கு எம்.எஸ்., கன்னியாகுமரிக்கு சி.ஏ.பி.இ. "5-ல் 1", "5-ல் 2" என்று எண் போடுவதும் நல்ல பழக்கம். கடைசியில் ஒவ்வொரு சைக்கிளையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கருவிப் பையில் என்ன

குழுவாகப் போவதில் பெரிய லாபம் இதுதான், ஒரே பை எல்லாருக்கும் போதும். முடிந்தவரை எல்லாரும் ஒரே டயர் அளவிலும் ஒரே வால்விலும் இருந்தால் டியூப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். இந்தக் கடற்கரைச் சிற்றூர்களின் சைக்கிள் கடைகளில் 26 இஞ்சும், பழைய 28 x 1½ இஞ்சும் கிடைக்கும். 28 என்றதும் நம்முடைய கியர் சைக்கிள்களில் வரும் 700சி அளவும் அதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ரிம்மின் அளவு ஒன்று 635 எம்.எம்., மற்றது 622. டயர் உட்காராது. டியூப் மட்டும் ஆபத்துக்கு அடக்கி உள்ளே திணிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு வைத்திருப்பவர்கள் அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு இல்லாவிட்டால் கடைக்காரரின் பம்ப் உங்களுக்குப் பயன்படாது.

ஆளுக்கு இரண்டு டியூப். குழுவுக்கு ஒரு செயின் கட்டர், செயின் இணைப்பு லிங்க், பிரேக் மற்றும் கியர் கேபிள்கள், பிரேக் பேட், ஸ்போக் சில, டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு, நல்ல பம்ப் இரண்டு. முன்னும் பின்னும் விளக்கு ஒவ்வொருவருக்கும் கட்டாயம். இருட்டோடு கிளம்பப் போகிறீர்கள்.

கிளம்பும் நாள்

விதிப்படி லக்கேஜைப் புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஒப்படைத்தால் போதும். அதை நம்பாதீர்கள். ஐந்து சைக்கிள் என்றால் மூன்று, நான்கு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். எழும்பூர் வரை மிதித்துக்கொண்டு போய் அங்கேயே கட்டுவது ஒரு வழி. ஒரு குட்டியானை பிடித்து, கட்டிய சைக்கிள்களையும் பைகளையும் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போவது இன்னொரு வழி. மழை வரும்போல இருந்தால் குட்டியானைதான் சரி.

ஜன்னலில் படிவம் தருவார்கள். டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டி, நிரப்பிக் கொடுத்து, பணம் கட்டி, ரசீது வாங்குங்கள். ரசீதில் ரயில் எண், சேரும் ஸ்டேஷன், உருப்படிகளின் எண்ணிக்கை மூன்றும் சரியா என்று ஜன்னலை விட்டு நகரும் முன் பாருங்கள். ரசீதை எல்லாரும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அசல், காகிதப் பொறுப்பாளரிடம் மட்டும்.

பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று போய் உட்கார்ந்துவிடக் கூடாது. இருவர் சைக்கிள்களோடு நில்லுங்கள். பிளாட்பாரத்துக்கு உருட்டிக்கொண்டு வரும்போதும், வேனில் ஏற்றும்போதும் கூடவே இருங்கள். வேன் ரயிலின் இரண்டு முனையிலும் இருக்கும்; உங்களுடையது எஞ்சின் பக்கமா, கடைசிப் பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றுகிற அண்ணனிடம், "அண்ணே, இந்தச் செயின் இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும், மேல மூட்டை போட வேண்டாம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஏற்றுகூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஏற்றித் தந்தவர் தன் மகனும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறான் என்று சொல்லிக்கொண்டே, எங்கள் சணல் கயிற்றில் ஒன்றை எடுத்து ஐந்தையும் வேன் கம்பியோடு சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு கன்னியாகுமரி வரை அவிழவில்லை.

சைக்கிள் உள்ளே ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு நீங்கள் ஏறுங்கள். புளிச்சோறோ இட்லி பொடியோ கட்டிக்கொண்டு வந்திருந்தால் சாப்பிட்டுவிட்டு, செங்கல்பட்டு தாண்டும்போதே படுத்துவிடுவது நல்லது. அரட்டைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

இறங்கியதும்

ரயில் நிற்பதற்கு முன்பே இருவர் வாசலுக்கு வந்துவிடுங்கள். பையை மற்றவர்கள் இறக்கட்டும். வேனைத் திறக்கும்போது ரசீதோடு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பிரிப்பதற்கு முன், வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒவ்வொன்றையும் சுற்றிப் பாருங்கள். பாதிப்பு இருந்தால் அங்கேயே சொல்லி எழுதி வாங்குங்கள். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுப் போகவும் கூடாது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கிடந்தால் அதற்கும் கட்டணம் ஏறும்.

பிளாட்பாரத்தில் கடை பரப்ப வேண்டாம். ஸ்டேஷனுக்கு வெளியே, மரத்தடியில் ஒரு விரிப்பைப் போட்டு, ஒருவருடையதை முடித்துவிட்டு அடுத்தவருடையது என்று மாட்டுங்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பிரித்தால் ஒருவரின் நட்டு இன்னொருவரின் சைக்கிளுக்கு அடியில் கிடக்கும். ஹேண்டில்பாரை நேராக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் ஸ்டெம்மின் மேல் மூடியில் இருக்கும் போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை இறுக்கி, அதற்குப் பிறகுதான் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், கழுத்தில் "டொக்" சத்தம் வரக் கூடாது. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, எல்லா கியருக்கும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பின்னால் நின்று பார்த்தால் டிரெயிலியரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேராக ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கோணலாக இருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது, மிதிக்காதீர்கள், மாற்றுங்கள்.

அட்டையும் சணலும் அங்கேயே பழைய பேப்பர் கடைக்காரருக்குக் கொடுத்துவிடலாம். இனி ரயில் இல்லை. வீடு வரை மிதிதான்.

அன்றைக்குக் கிளம்பாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ரயிலில் அரைத்தூக்கம் தூங்கி வந்தவர்கள், வந்த காலையிலேயே 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்செந்தூருக்கு மிதிக்க வேண்டாம். ஒரு நாள் கன்னியாகுமரியில் தங்குங்கள். அறை பேசும்போதே சைக்கிளைத் தரைத்தளத்தில் உள்ளே வைக்க இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். கடலோரம் வெளியே விட்டால், திருட்டு போகாவிட்டாலும் ஒரே இரவில் உப்புக் காற்று செயினைச் சிவப்பாக்கிவிடும்.

காலையில் தூங்குங்கள். சாயந்தரம் முழுச் சுமையையும் கட்டிக்கொண்டு வட்டக்கோட்டை வரை போய் வாருங்கள். ஏழு கிலோமீட்டர் போலத்தான். கோட்டைச் சுவரின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையின் கடைசி முகடுகள், நடுவில் காற்று. போகும்போது தள்ளிய காற்று வரும்போது முகத்தில் அறையும். நாளைக்கு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து பிடிக்க வேண்டும் என்று உடம்பு அங்கேயே கற்றுக்கொள்ளும். எந்தப் பை ஆடுகிறது, எந்தக் கேரியர் போல்ட் தளர்கிறது என்பதும் தெரியும்.

இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு. நாளை யார் முன்னால், யார் கடைசி, எங்கே முதல் நிறுத்தம் என்று பேசிக்கொண்டு படுங்கள். கடைசியில் வருகிறவரிடம் பம்ப்பும் டியூப்பும் இருக்கட்டும். பஞ்சர் ஆகிப் பின்தங்குகிறவரை அவர்தான் முதலில் பார்ப்பார்.

முதல் காலை

ஐந்து மணிக்குச் சாலையில் இருங்கள். சூரியோதயம் பார்க்கக் கூட்டம் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் எதிர்ப்பக்கமாக அஞ்சுகிராமம் வழியைப் பிடிப்பீர்கள். சுமார் பத்து கிலோமீட்டர் ஆனதும், எவ்வளவு உற்சாகத்தில் இருந்தாலும் ஒருமுறை நிறுத்துங்கள். ரயில் பயணத்துக்காகத் தளர்த்திய எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும்: ஸ்டெம், சீட் போஸ்ட், பெடல், கேரியர். ஒரு முறை இறுக்கிய போல்ட் சுமையோடு ஓடியதும் கொஞ்சம் இளகும்.

நாங்கள் அப்படி நிறுத்தியது ஒரு டீக்கடை வாசல். கடைக்காரர் எங்கள் ஐந்து சைக்கிளையும் பைகளையும் பார்த்துவிட்டு, எங்கே போகிறோம் என்று கேட்டார். சென்னை என்றோம். கிளாஸைக் கழுவிக்கொண்டே தலையைத் திருப்பிப் பனைமரத்து ஓலைகளைப் பார்த்தார். எல்லா ஓலையும் கிழக்கே பார்த்துக் கிடந்தன. "காத்து முதுகுலதான். பயப்படாம போங்க மக்களே" என்றார். ஒரு பெடல் கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கினோம். காலைச் சாப்பாட்டுக்கு உவரி என்று பேசிக்கொண்டு கிளம்பினோம்.